சுந்தரம் பிள்ளையவர்களும் இயற்கைக் காதல் நெறியும்

பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையவர்களின் பெயரைக் கேட்டவளவில் சைவர்க்கு நினைவு வருவது திருஞானசம்பந்த சுவாமிகளின் கால ஆராய்ச்சி. தமிழ்ப் புலவர்க்கு வருவது மனோன்மணீயம். ஏனையோர்க்கு வருவது விழாக்களின் தொடக்கத்திற் பாடப்பெறும் தமிழ்த்தாய் வாழ்த்து. இம்மூன்றும் ஒருவர் செய்தனவே என்பதும், அவர் நாற்பத்திரண்டு ஆண்டே இவ்வுலகில் வாழ்ந்தார் என்பதும் பலர் கருத்திற் படுவதில்லை. சைவ நன்மக்கள் கூடியிருந்து அவரைப் பற்றிப் பேசுமிடத்து ஓர் ஐயம் மட்டும் எழக் காண்கின்றோம். மனோன்மணீயம் மேனாட்டுக் கதையொன்றின் தழுவல்; அதிற் காணும் காதலும் இயற்கைப் புனைவும் மேனாட்டார்பால் இரவல் பெற்றவை; ஆதலின் சித்தாந்த மாணவனுக்கு அந்நூலால் ஆவதொன்றில்லை என்பதே அவ்வையம். பிள்ளையவர்களின் வாழ்க்கையை முறையே கூறிச் செல்லுங்கால் இவ்வையத்தையும் ஒருவாறு ஆராயக் கருதினோம்.

பிள்ளையவர்களின் முன்னோர் மதுரையினின்றும் வணிகத்தின்பொருட்டு மலையாள நாடு புக்கவர். ஆலப்புழையிற் குடியிருந்த பெருமாள் பிள்ளை, மாடத்தி அம்மையார் என்னும் இருவர்க்கும் 1855-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அவர்கள் தோன்றினார்கள். ஆலப்புழை அந்நாளிற் கடல் வாணிகத்தாற் சிறந்த துறைமுகம். திருவிதாங்கூர்த் திவானாயிருந்த கேசவதாசர் வெட்டுவித்த வாய்க்கால்கள் ஊரை ஊடறுத்துச் செல்ல, அவற்றின் வழியே பண்டங்கள் தோணிகளில் வந்திறங்கும். வாய்க்காற்கரையிற் பிறந்து வளர்ந்த இச்செய்தியைப் படிப்போர் நினைவில் வைத்திருத்தல் நன்று, பின்னர் வேண்டப்படும்.

ஆங்கிலக் கல்வியை அவ்வூர்ப் பள்ளியிலும் பின்னர்த் திருவனந்தபுரத்திலும் பெற்றார்கள். தமிழை நாகப்பட்டினம் நாராயணசாமிப் பிள்ளையவர்களிடம் பயின்றார்கள். பிற்காலத்தில் மறைமலையடிகளுக்கும் தமிழறிவுறுத்திய நல்லாசிரியர் இவரே. ஓராசிரியரிடம் பயின்ற இருவர், ஒருவர் சம்பந்தர் காலத்தையும் மற்றவர் மாணிக்கவாசகர் காலத்தையும் ஆராயப் புகுந்தமை தற்செயல் என்று எமக்குத் தோன்றவில்லை. ஆசிரியர் நட்ட வித்து என்றே கொள்ளுகின்றோம். 1876-இல் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்று, அடுத்த ஆண்டிற் சிவகாமி அம்மையாரை மணந்தார்கள்.

1877-இல் திருநெல்வேலி ஆங்கிலத் தமிழ்க் கல்விச்சாலைக்குத் தலைமை ஏற்கும் வாய்ப்பு வந்தது. பின்னாளில் இந்துக் கல்லூரியாய் வளர்ந்து பாரதியார் முதலியோர்க்கும் கல்வியளித்த நிலையம் அது. பிள்ளையவர்கள் ஆங்கு இருந்தது இரண்டாண்டே யெனினும் அவர் வாழ்க்கையின் திசையை உறுதிசெய்தவை அவ்விரண்டாண்டுகளே என்னலாம். கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகளை அவர்கள் அடைந்தது அப்பொழுதுதான். மேனாட்டு மெய்ந்நூல்களைத் துருவிக் கற்றுவந்த இளைஞரொருவர், வடமொழி தென்மொழிச் சைவ நூல்களில் ஆழ்ந்து துறவு பூண்டிருந்த பெரியாரொருவர்முன் மாணவராய் அமர்ந்தார். சுவாமிகளின் திருப்பெயரையே மனோன்மணீயத்தில் வரும் முனிவர்க்கு இட்டு, அம்முனிவரைக் கதையின் உயிர்நாடியாக வைத்தமை அவ்வமர்வின் பயனாம்.

1879-இல் திருவனந்தபுரம் மீண்டு, மகாராஜா கல்லூரியில் தத்துவ நூற் பேராசிரியராயிருந்த டாக்டர் ஹார்வி அவர்களுக்குத் துணையாசிரியராயினர். 1880-இல் எம்.ஏ. பட்டம் கிடைத்தது. இடையிற் சில ஆண்டு அரசாங்க வருவாய்த் துறையிற் சிரஸ்தாராகவும் அலுவல் பார்த்தனர். எனினும் ஹார்வி அவர்கள் தாய்நாடு திரும்பிய 1885-ஆம் ஆண்டில் அவரிடத்துக்கே பேராசிரியராய் வந்து சேர்ந்தனர்; இறுதிவரை அப்பணியை விடவில்லை. அதே 1885-இல் திருவனந்தபுரத்திற் சைவப் பிரகாச சபை தோன்றியது. தோற்றுவித்தவருள் முதல்வர் பிள்ளையவர்களே. பகலிற் கல்லூரியில் மேனாட்டுத் தத்துவம், மாலையிற் சபையிற் சித்தாந்தம். இவ்விரண்டும் ஒருவர் உள்ளத்தில் முட்டிமோதாமல் அமைந்தது எங்ஙனம் என்பதே நமது ஆராய்ச்சிக்குரியது.

இனி, இரவல் எனப்படும் பொருள் யாதென்பதைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ரொமாண்டிசிசம் எனப்படும் இயக்கத்தை இக்காலத்தார் புனைவியல் என்பர். யாம் அதனை இயற்கைக் காதல் நெறி என வழங்குதும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர் அளவையறிவையும் பொறிகளையும் தலைமேற்கொண்டாடினர். அதன் முடிவில் அவ்வறிவின் வறட்சியை ஆற்றாத புலவரும் ஓவியரும் மலை, காடு, அருவி, சிற்றூர், கனவு, பழங்கதை என்பவற்றை நோக்கித் திரும்பினர். இங்கிலாந்தில் வேர்ட்ஸ்வொர்த்து என்னும் புலவர் (1770–1850) ஏழை உழவரையும் வழியோரப் பூவையும் பாடுபொருளாக்கினார். அந்நெறி கடல் கடந்து அமெரிக்காவிற் பரவியபோது புதியதொரு வடிவம் கொண்டது. ஐரோப்பாவில் இடிந்த கோட்டைகளும் பழைய கோயில்களும் இருந்தன. அமெரிக்காவிற் குடியேறியவர்க்கோ அவை இல்லை. அவர்கள் கண்டது அளவிறந்த காடும் மலையும். காட்டையே கோயிலாகக் கொள்ளத் தலைப்பட்டனர்.

தாமஸ் கோல் (1801–1848) என்னும் ஓவியர் ஹட்சன் ஆற்றுப்பக்கத்து மலைகளைத் தீட்டினார். அவர் படங்களில் மலையும் மேகமும் பேருருவாய் நிற்க, மனிதன் எறும்பளவாய்த் தோன்றுவான். டௌனிங் (1815–1852) என்பவர் வீடும் தோட்டமும் நிலத்தின் இயல்போடு இயைதல் வேண்டும், மரங்களைக் கோடிழுத்து நிறுத்தல் தகாது என நூல் எழுதினார். ஹட்சன் ஆற்றிலே தீப்பற்றிய நீராவிக் கப்பலிற் சிக்கி இளமையிலே மாண்டார். அவரோடு தொழில் செய்த வாக்ஸ் என்பாரும் ஓம்ஸ்டெட் என்பாரும் 1858-இல் வகுத்த திட்டப்படி நியூயார்க்கு நகர நடுவிற் பெரும்பூங்கா அமைந்தது. இவர்கட்கெல்லாம் கருத்து வழங்கியவருள் முன்னிற்பவர் எமர்சன் (1803–1882). இயற்கை என்னும் பெயரால் அவர் 1836-இல் வெளியிட்ட சிறுநூலிற் காட்டில் நிற்குங்கால் தன்முனைப்பு மறைந்து தாம் இறைவனின் ஒரு கூறாய் ஆகிவிடுவதாகக் கூறினார். அவர் நண்பர் தோரோ (1817–1862), வால்டன் என்னும் குளக்கரையில் எமர்சனுக்குரிய நிலத்தில் தம் கையாற் குடிசை கட்டி, 1845 ஜூலை முதல் இரண்டாண்டும் இரண்டு மாதமும் தனித்து வாழ்ந்தார். அவரை விளைத்தார், குளத்தின் ஆழத்தை அளந்தார், எறும்புகளின் போரைக் குனிந்து பார்த்தார். அவ்வாழ்க்கையைக் கூறும் நூல் 1854-இல் வெளிவந்தது.

இவ்விடத்து ஒரு சிறுசெய்தி. அக்குளத்தில் உறைந்த பனிக்கட்டியைத் தியூடர் என்னும் வணிகரின் ஆட்கள் அறுத்தெடுத்தனர். அவ்வணிகர் பாஸ்டன் நகர்ப் புறத்துக் குளங்களின் பனிக்கட்டியைக் கப்பலேற்றிச் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் விடுத்தவர். சென்னைக் கடற்கரையில் அதனை வைத்தற்கு 1842-இற் கட்டிய கட்டடமே ஐஸ் ஹவுஸ். தம் குளத்து நீர் சென்னையாரின் வாயிற் படுவதை எண்ணித் தோரோ மகிழ்ந்தார். கட்டி வந்தது, கருத்தும் வந்தது. மறுதலையாக இங்கிருந்து அங்குச் சென்றது பகவத்கீதை. 1785-இல் வில்கின்ஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு எமர்சன் தோரோ இருவர்க்கும் உவப்பாயிருந்தது. ஆயின் சைவம் அவர்கட்கு எட்டாப் பொருளாயிருந்ததோ எனின், அன்று. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவராயிருந்த ஹொய்சிங்டன் என்னும் அமெரிக்கப் பாதிரியார் தத்துவக் கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் என்னும் மூன்றையும் ஆங்கிலப்படுத்த, அமெரிக்கக் கீழைநாட்டுக் கழகத்தின் இதழ் அவற்றை 1854-இல் அச்சிட்டது. வால்டன் நூல் வெளிவந்த அதே ஆண்டு! சமயம் மாற்றவந்த ஒருவர் கையால் நம் முதனூல் கடல் கடந்து, கீதை பெற்ற வரவேற்பைப் பெறாமல் புலவர் கழக இதழிலே அடங்கிக் கிடந்தது. அந்நாட்டு இயற்கைக் காதலர் கண்ணில் அது பட்டிருப்பின் அவர்கள் கருத்துச் சிறிது திருந்தியிருக்கும் என யாம் நினைப்பதுண்டு. காரணம் பின்னர்க் கூறுதும்.

மனோன்மணீயம் 1891-இல் வெளியாயிற்று. ஹார்வி அவர்களுக்கு உரிமையாக்கப்பட்டது. ஐந்து அங்கம், இருபது களம். பெரும்பகுதி அகவல் நடை. லிட்டன் பிரபு 1866-இல் வெளியிட்ட மிலேட்டஸ் நகர்ப் பழங்கதைகள் என்னும் தொகுதியில் இரகசிய வழி என்னும் கதையே இதற்கு முதல். (இவர் மகனார்தாம் பின்னர் இந்தியாவுக்கு அரசப் பிரதிநிதியாய் வந்தவர்.) தழுவல் என்று இகழ்வார் ஒன்றறிதல் வேண்டும். லிட்டனும் இதனைத் தாமே புனைந்திலர். ஒருவரையொருவர் கனவிற் கண்டு காதலித்த அரசிளங்குமரியும் அரசனும் என்னும் இக்கதை பாரசீகப் பக்கத்தது. அலெக்சாந்தரோடு சென்ற சாரஸ் என்னும் கிரேக்கர் ஆசிய மக்களிடை அதனைக் கேட்டெழுத, அதீனேயஸ் என்பவர் தம் நூலில் அதனைக் காத்துவைத்தார். கீழ்நாட்டுக் கதை கிரேக்கத்தையும் இங்கிலாந்தையும் சுற்றித் தமிழுக்கு வந்ததாயிற்று. நூலிடைவரும் சிவகாமி சரிதமும் கோல்டுஸ்மித்து என்னும் ஆங்கிலப் புலவரின் பாட்டைத் தழுவியதே. தழுவியதை மறைத்தற்கு ஆசிரியர் முயன்றிலர். தழுவியபின் அதை எவ்வாறு தமதாக்கினார் என்பதே கேள்வி.

கதையைச் சுருங்கக் கூறுதும். பாண்டியன் சீவகன் அமைச்சன் குடிலனை நம்பி மதுரையை விட்டுத் திருநெல்வேலியிற் புதுக் கோட்டை கட்டுகின்றான். வரவிருக்கும் கேட்டையுணர்ந்த குலகுரு சுந்தரமுனிவர் கோட்டைக்குள்ளிருந்து வெளியே செல்லச் சுரங்கவழி ஒன்று அமைக்கின்றார். சீவகன் மகள் மனோன்மணி, சேரன் புருடோத்தமனைக் கனவிற் கண்டு காதலுற்றவள். மணத்தூது குடிலன் சூழ்ச்சியாற் போராய் முடிய, சீவகன் தோற்கின்றான். தோல்வியிலும் குடிலனைவிட்டு நீங்காத அவன், அவ்விரவே குடிலன் மகன் பலதேவனுக்குத் தன் மகளைக் கொடுக்கத் துணிகின்றான். குடிலனோ சுரங்கத்தைக் கண்டறிந்து பகைவனிடம் சென்று காட்டிக்கொடுக்க, சேரன் அவனையே சிறைசெய்து அவ்வழியே உட்புகுகின்றான். மனோன்மணி தான் கனவிற் கண்டவனை நேரிற் கண்டு மாலை சூட்டுகின்றாள். லிட்டன் கதையிற் குருவும் இல்லை, அவர் அருளும் இல்லை. சுரங்கம் ஒரு சூழ்ச்சி வழியேயாம். பிள்ளையவர்கள் கையில் அது குருவின் திருவருளால் ஆயத்தமாகி, உயிர் அறியாதபோதே அதனுள் அமைந்திருக்கும் வழியாகின்றது. சீவகனை உயிரென்றும், கோட்டையை உடம்பென்றும், குடிலனை மலமென்றும் கொண்டு உட்பொருள் காண்பார் பலர். யாமும் உடன்படுகின்றோம், ஆயினும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தத்துவம் பொருத்தி முப்பத்தாறையும் முடித்துவிட முயல்வாரோடு உடன்பட இயலவில்லை. நாடகம் நாடகமாகவே சுவைத்தற்குரியது. தன்னை வஞ்சிப்பவனையே உயிர் துணையென்று பற்றிக்கொள்ளும் ஆணவத்தின் கொடுமையை உணர்தற்கு அதுவே போதும். மேடையில் நடித்தற்கு நீண்ட தனிமொழிகள் இடையூறு என்பதும் உண்மை. படித்தற்குரிய நாடகமென்றே அதனைக் கொள்ளல் தகும்.

இயற்கைக் காதல் இந்நூலில் நடராசன் என்னும் இளைஞன் வாயிலாகவே சிறப்புறுகின்றது. அவன் முனிவர்க்குச் சுரங்கத் தொழிலில் உதவுபவன், வாணியின் காதலன். விடியற்காலையில் ஊர்ப்புறத்தே தனித்து நின்று கிழக்கு வெளுப்பதைப் பார்க்கின்றான். வாய்க்கால் நீரைக் கண்டு, மலைக்கும் கடலுக்கும் மழைக்கும் இடையே அது ஓயாது செய்யும் பணியை எண்ணுகின்றான். காலடியிற் கிடக்கும் சிறுபுல்லின் பூவை எடுத்து, ஈயை அழைத்தற்கு அதில் அமைந்த தேனையும், வித்துப் பரவுதற்கமைந்த உபாயத்தையும் பார்த்து வியக்கின்றான். பின்னர் நாங்கூழ்ப் புழுவைப் பார்க்கின்றான். மண்ணை உண்டு உண்டு மெழுகினும் நுண்ணிய சேறாக்கி வெளிக்கொணர்ந்து, நிலத்தை உழவனுக்கு முன்னரே உழுது வைத்து, புகழ் விரும்பாதவர்போல மறைந்துகொள்ளும் அப்புழுவை அவன் பேசும் பகுதி தமிழில் அதற்குமுன் இல்லாத ஒன்று. மண்புழுக்களின் தொழிலைப் பற்றி இங்கிலாந்தில் டார்வின் நூல் வெளியிட்டது 1881-இல். பத்தாண்டுக்குள் தமிழ் நாடகத்திற் புழு ஏறிவிட்டது.

யாம் வாழும் மகாராஜபுரம் சதுரகிரி மலையின் அடிவாரப் பக்கத்தது. வத்திராயிருப்பைக் கடந்து தாணிப்பாறை நோக்கிச் செல்லும் அடியார் கூட்டம் ஆடி அமாவாசையில் இவ்வூர்ப் பக்கமாகவே சுந்தர மகாலிங்கத்தைத் தரிசிக்கச் செல்லும். மேற்கே மலை சுவர்போல் நிற்கின்றது. தாமஸ் கோல் ஈண்டு வந்திருப்பின் மலைமுகட்டையும் அதன்மேற் கவிந்த மேகத்தையும் தீட்டித் திரும்பியிருப்பார். நடராசன் வந்திருப்பின் மலைநீர் இறங்கிக் கண்மாய்க்குச் செல்லும் வாய்க்கால் ஓரத்தே குந்தி, வரப்பிலுள்ள புல்லைப் பார்த்திருப்பான். இவ்வேறுபாடு சிறிதன்று. அமெரிக்க ஓவியர் பெரும்பாலும் பேருருவத்தின்முன் அச்சமும் வியப்பும் எய்தினர். பிள்ளையவர்கள் காட்டுவது சிற்றுயிரின் தொழிலை. தோரோ ஒருவரே இவ்வகையில் அவருக்கு நெருங்கியவர். பிள்ளையவர்கள் தோரோவைப் படித்தே எழுதினார் என்று யாம் கூறவரவில்லை. ஒருவர் மற்றவரைப் போன்றிருத்தல் கடன்பட்டமைக்குச் சான்றாகாது.

இனிச் சித்தாந்தத்தோடு இஃது இயையுமாறு. எமர்சன், காட்டிலே தாம் இறைவனின் கூறாய் ஆவதாகக் கருதினார். உயிர் இறைவனின் கூறு என்பது நம் ஆசிரியர் மறுத்த கொள்கை. கூறாயின் ஆணவம் அதனைப் பற்றியதெங்ஙனம்? உலகம் வெறுந்தோற்றம் என்பார்க்கோ இயற்கையைக் காதலிக்க வழியே இல்லை. கானல்நீரை நோக்கி வியந்து நிற்பான் எவன்? சித்தாந்திகட்கு உலகம் உள்பொருள். மாயையினின்று தனு, கரணம், புவனம், போகம் என்பவற்றை இறைவன் உயிர்களின்பொருட்டே தோற்றுவிக்கின்றான். ஆணவ இருளில் மாயை சிறுவிளக்காய் உதவுமென்பது நம் ஆசிரியர் காட்டும் உவமை. அங்ஙனமாயின் அவ்விளக்கின் அழகை நோக்குதல் பிழையாகாது. விளக்கையே ஞாயிறென மயங்குதலே பிழை. நடராசன் புல்லையும் புழுவையும் கடவுளென்று கூறவில்லை. அவை தமக்கு விதித்த தொழிலை விதித்தபடி செய்வதைக் கண்டு, விதித்தவன் அருளை நினைக்கின்றான். இஃது எமர்சன் நெறியன்று. ஐந்தொழிலின் பயனை உணர்ந்த சைவன் நெறி. வட்டுக்கோட்டைப் பாதிரியார் பெயர்த்த சிவஞானபோதம் எமர்சன் கருத்திற் புகுந்திருப்பின் இவ்வேறுபாடே அவரைத் திருத்தியிருக்கும் என்றே மேலே குறித்தோம்.

இயற்கையை இரவல் வாங்கவேண்டிய வறுமையும் நமக்கில்லை. திருவையாற்றுப் பதிகத்தில் மகளிர் நடமாட முழவதிர, அதனை மழையொலியென மயங்கி மரமேறி முகில் பார்க்கும் மந்திகளைச் சம்பந்தப் பெருமான் காட்டியதை ஓதாத சைவர் உளரோ? அதே திருவையாற்றில் அப்பர் சுவாமிகள் பிடியோடு வரும் களிற்றையும், துணையோடு வரும் பறவைகளையும் கண்டபோது அம்மையப்பர் திருவடியைக் கண்டார். அதற்குமுன் காணாதனவற்றைக் கண்டதாகவே பாடினார். பிறரும் நாடோறும் கண்டவை அவ்விலங்குகளும் பறவைகளும். அருள் பெற்ற கண்ணே வேறு. பிள்ளையவர்கள் மேனாட்டாரைக் கற்றதனாற் பெற்றது புழுவையும் பாடலாம் என்னும் துணிவு மட்டுமே. பார்க்கும் கண் திருமுறை தந்தது.

நாடகத்தில் நிட்டாபரர், கருணாகரர் என முனிவர்க்கு வேறு மாணவரும் உளர். ஒருவர் நிட்டையே வேண்டுவார். மற்றவர் பிறவுயிர்த் துயர் துடைத்தலே வேண்டுவார். இருவர் வழக்கையும் ஆசிரியர் எடைபோட்டு, ஒருபால் தீர்ப்பளித்து முடித்தாரில்லை. மடத்துச் சூழலில் வாழும் அன்பர்கள் அக்களத்தைத் தனியே எடுத்துப் படித்தல் தகும். பலர் உள்ளத்தில் நாடோறும் நிகழும் வழக்கே அது.

அடுத்துக் கூறத்தக்கது சம்பந்தர் கால ஆராய்ச்சி. திருநெல்வேலி நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார் தமிழ்மொழிக்குச் செய்த நன்மை பெரிது. ஆயினும் சம்பந்தர் காலத்துக் கூன்பாண்டியனைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறித்த பாண்டியனோடு ஒருவனாக்கி, சம்பந்தரை அக்காலத்தில் வைத்துவிட்டார். அது நிலைபெறின் தேவாரம் முழுதும், அதனைத் தொடர்ந்த சைவ வரலாறு முழுதும் எழுநூறு ஆண்டு பிந்திப்போம். சேக்கிழார் தமக்குப் பின் வந்தவரைப் பாடினார் என்னும் நகைப்பும் எழும். இதனை மறுத்தற்குப் பலர் சினந்து எழுதினர். பிள்ளையவர்கள் சினவவில்லை. சேக்கிழார்க்கு முன் நம்பியாண்டார் நம்பி, அவர்க்கு முன் சுந்தரர், அவர்க்கும் முன் சம்பந்தர் எனப் படிப்படியாய் மேலேறி, கல்வெட்டுச் சான்றுகளையும் கூட்டி, சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிற்பட்டவராதல் இயலாது என ஆங்கிலத்திலே நிறுவினார். சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் முதலில் வந்த அக்கட்டுரை 1895-இல் நூலாயிற்று. பின்னர் வந்த ஆராய்ச்சியாளர் கூன்பாண்டியனைப் பாண்டியன் அரிகேசரி மாறவர்மன் எனவும், சிறுத்தொண்ட நாயனார் சென்ற வாதாபிப் போரைப் பல்லவன் நரசிம்மவர்மன் 642-ஐ ஒட்டி நடத்திய போர் எனவும் கொண்டனர்; இவை பிள்ளையவர்கள் முடிவை மேலும் உறுதிசெய்தன. அன்பினாற் சொல்லத்தக்கதை அளவையாற் சொல்லிக்காட்டிய இச்செயலே சைவவுலகுக்கு அவர் செய்த தலையாய தொண்டென்பது எம் கருத்து.

திருவிதாங்கூர்ப் பண்டை மன்னர் பற்றிக் கல்வெட்டுக்களைக் கொண்டு 1894-இல் ஒரு நூல் வெளியிட்டார். கலைகளின் பாகுபாட்டைக் கூறும் நூற்றொகை விளக்கம், பத்துப்பாட்டைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை முதலியனவும் உண்டு. அரசாங்கம் ராவ்பகதூர் பட்டமளித்தது. சென்னைப் பல்கலைக்கழகம் தன் அவையில் உறுப்பினராக்கியது. 1892 டிசம்பரில் விவேகானந்த அடிகள் திருவனந்தபுரத்தில் ஒன்பது நாள் தங்கியபோது பிள்ளையவர்களோடும் அளவளாவினர். அடுத்த ஆண்டில் அடிகள் அமெரிக்கா சென்று, எமர்சன் கூட்டத்தார் உழுதுவைத்த நிலத்திலே விதைத்தனர் என்னலாம். திரும்பிவந்து 1897 பிப்பிரவரியிற் சென்னையில் அவர் தங்கியது முன்னே நாம் குறித்த ஐஸ் ஹவுஸிலேயே. 1895-இல் நாராயணசாமிப் பிள்ளையவர்களின் தொடர்பால் மறைமலையடிகள் இளைஞராய்த் திருவனந்தபுரம் வந்து பிள்ளையவர்களைக் கண்டனர்.

1897 ஏப்பிரல் 26-ஆம் நாள் பிள்ளையவர்கள் சிவனடி சேர்ந்தார்கள். எடுத்த பணிகள் பல முடியாது நின்றன. மனோன்மணீயம் வெளிவந்த 1891-லேயே பிறந்த அவர் மகனாருக்கு நடராசன் என்றே பெயர். அக்குழந்தைக்கு அப்போது ஆறு வயது.

திருவனந்தபுரத்தை அடுத்த பேரூர்க்கடையில் பிள்ளையவர்களின் நிலமும் இல்லமும் ஆசிரியர் பெயரால் ஹார்விபுரம் எனப்பட்டன. மகனார் பி. எஸ். நடராச பிள்ளை நாட்டு விடுதலைப் போராட்டத்தில் இறங்கியமையால் அவ்வுடைமை திவான் ஆட்சியிற் பறிமுதலாயிற்று. விடுதலைக்குப்பின் அவர் திருவிதாங்கூர்-கொச்சி நாட்டின் நிதியமைச்சரானார்; 1962-இல் பாராளுமன்றம் சென்றார்; 1966-இல் மறைந்தார். இழந்த நிலத்தை மீட்டுக்கொள்ள முயலாதவர் என அந்நாட்டார் அவரைப் போற்றுவர். பேரூர்க்கடையில் அரசினர் பள்ளியொன்று அவர் பெயர் தாங்கி நிற்கின்றது.

பிள்ளையவர்கள் நூல் முகப்பில் வைத்த தமிழ்த் தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதியைத் தமிழ்நாட்டரசு 1970-இல் தமிழ்த்தாய் வாழ்த்தாய் ஏற்றது; எம். எஸ். விசுவநாதன் மோகனப் பண்ணில் இசையமைத்தார். 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடலென அறிவிக்கப்பட்டது. ஏற்றபோது, தமிழினின்று பிறந்த மொழிகளையும் வழக்கொழிந்த வடமொழியையும் குறிக்கும் அடிகள் நீக்கப்பட்டன. பிறமொழியாளர் மனம் நோவாமைப்பொருட்டு அது தகுமெனினும், எல்லையற்ற பரம்பொருளை உவமையாக்கிய அடியும் உடன் நீங்கியமை சைவர்க்கு ஒரு குறையே. திருநெல்வேலியில் 1990-இல் எழுந்த பல்கலைக்கழகம் மனோன்மணியம் சுந்தரனார் பெயர் பெற்றது. இளமையில் இரண்டாண்டு ஆசிரியராயிருந்து குருவைக் கண்ட ஊர் அது. சீவகன் கோட்டை கட்டியதாக அவர் கதை வைத்த ஊரும் அதுவே.